கத்துக்குட்டி எப்படி ஜெயிக்கிறது?

ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். லூடோ டப்பாவில் கிடக்கும் சாதாரணப் பகடை போதும். தம்பியையோ தங்கையையோ எதிரே உட்கார வையுங்கள். விதி இதுதான்: 1 அல்லது 2 விழுந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். 3, 4, 5, 6 எது விழுந்தாலும் எதிராளி ஜெயித்தார்.

"இது அநியாயம்" என்பீர்கள். அநியாயம்தான். ஆறு முகங்களில் இரண்டுதான் உங்களுக்கு. இந்த ஆட்டத்தில் நீங்கள் கத்துக்குட்டி, எதிரே இருப்பவர் ஜாம்பவான். நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் இந்த இரண்டு சொற்களையும் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். டிவி வர்ணனையில் கத்துக்குட்டிக்கு 'அண்டர்டாக்' என்று பெயர். தோற்றுவிடும் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்ட அணி அல்லது ஆள் என்று பொருள்.

சரி, பகடையை ஒரே ஒரு முறை உருட்டுங்கள். 1 விழலாம், 2 விழலாம். மூன்றுக்கு ஒரு தடவை விழத்தான் செய்யும். விழுந்தால் கத்துக்குட்டி ஜெயித்தாயிற்று, மறுநாள் பேப்பரில் 'அதிர்ச்சித் தோல்வி' என்று கொட்டை எழுத்தில் வரும். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். யானைக்கு ஏன் சறுக்கியது என்பதை மட்டும் யாரும் விளக்கமாட்டார்கள். அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றுவோம். ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை உருட்டுங்கள். அதில் இரண்டு முறையாவது யாருக்குச் சாதகமாக விழுகிறதோ அவருக்கு வெற்றி. உங்கள் வாய்ப்பு இப்போது 27-ல் 7. நூற்றுக்கு 33 ஆக இருந்தது 26 ஆகிவிட்டது. ஐந்து முறை உருட்டி, மூன்று முறை விழவேண்டும் என்றால் 81-ல் 17, அதாவது நூற்றுக்கு 21. ஏழு முறை என்றால் 17தான்.

பகடை மாறவில்லை, நீங்களும் மாறவில்லை, ஆட்டம்தான் நீண்டது. ஆட்டம் நீள நீள ஜாம்பவானுக்கு லாபம், சுருங்கச் சுருங்கக் கத்துக்குட்டிக்கு லாபம். கிரிக்கெட்டில் டி20 ஆட்டங்களில் அதிர்ச்சி முடிவுகள் அடிக்கடி வருவதும், ஐந்து நாள் டெஸ்டில் அவ்வளவாக வராததும் பெரும்பாலும் இதனால்தான். கூடைப்பந்தில் ஒரு ஆட்டத்துக்குள் ஒவ்வொரு அணியும் முப்பது, நாற்பது முறை கூடையில் போட்டுவிடும். அத்தனை முறை பகடை உருளும்போது பலசாலியின் பலம் தெரிந்தே தீரும். கால்பந்தில் அப்படி இல்லை. ஒன்றரை மணி நேரம் ஓடினாலும் கிடைப்பது இரண்டோ மூன்றோ கோல். அதனால் ஒரே ஒரு கோல் எல்லாவற்றையும் புரட்டிப்போடும்.

1950-ல் பிரேசிலில் உலகக் கோப்பை கால்பந்து நடந்தது. இங்கிலாந்து அணியில் டாம் ஃபின்னி, பில்லி ரைட் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள். அமெரிக்க அணியில் இருந்தவர்களோ வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கால்பந்து ஆடியவர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். கோல் கீப்பர் சவ ஊர்தி ஓட்டியவர். ஜோ கேட்ஜன்ஸ் என்ற ஹெய்ட்டி நாட்டு இளைஞர் நியூயார்க்கில் படித்துக்கொண்டே ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். ஜூன் 29 அன்று பெலோ ஹொரிசொன்டே நகரத்தில் நடந்த ஆட்டத்தின் 38-வது நிமிடத்தில், கோலை நோக்கி வந்த பந்தில் அந்த கேட்ஜன்ஸ் பாய்ந்து தலையைக் கொடுத்தார். பந்து திசை மாறி உள்ளே போனது. அமெரிக்கா 1, இங்கிலாந்து 0. மீதி நேரம் முழுக்க இங்கிலாந்து முட்டி மோதியும் ஒன்றும் நடக்கவில்லை.

அதே அமெரிக்க அணி அடுத்த ஆட்டத்தில் சிலியிடம் 2-5 என்று தோற்றது. கதையின் இந்தப் பகுதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. பகடை ஒரு முறை விழுந்தது, அடுத்த முறை விழவில்லை.

லார்ட்ஸ், 1983

இப்போது நமக்கு நன்றாகத் தெரிந்த கதைக்கு வருவோம். தாத்தாவிடமோ அப்பாவிடமோ '83 வேர்ல்ட் கப்' என்று சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் போய்விடும்.

அதற்கு முன் 1975, 1979 என்று இரண்டு உலகக் கோப்பைகள் நடந்திருந்தன. இரண்டையும் வென்றது வெஸ்ட் இண்டீஸ். இந்தியா அந்த இரண்டிலும் சேர்த்து ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது, அதுவும் கிழக்கு ஆப்பிரிக்கா என்ற அணியை. 1979-ல் அப்போது டெஸ்ட் தகுதியே பெறாத இலங்கையிடம்கூடத் தோற்றிருந்தது. ஆகவே 1983-ல் இங்கிலாந்தில் பந்தயக்காரர்கள் இந்தியாவுக்குப் போட்ட கணக்கு 66-க்கு 1. இந்தியா கோப்பையை வெல்லும் என்று ஒருவர் 1 பவுண்டு கட்டி, அது பலித்துவிட்டால் 66 பவுண்டு கிடைக்கும். நடக்காது என்று எவ்வளவு உறுதியாக நினைக்கிறார்களோ, அவ்வளவு பெரிய எண். (பந்தயம் கட்டுவது நமக்கு வேண்டாத வேலை. ஊர் ஒரு அணியை என்னவாக நினைத்தது என்று காட்டும் அளவுகோலாக மட்டும் அந்த எண்ணை எடுத்துக்கொள்வோம்.)

ஜூன் 18 அன்று ஜிம்பாப்வேயுடன் நடந்த ஆட்டத்தில் இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. 24 வயது கேப்டன் கபில்தேவ் நின்று ஆடி, ஆட்டமிழக்காமல் 175 அடித்தார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு அவரும் விக்கெட் கீப்பர் கிர்மானியும் பிரியாமல் 126 சேர்த்தார்கள், அதில் கிர்மானியின் பங்கு 24. அன்றைக்கு பி.பி.சி. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் கேமரா வரவில்லை. இந்திய கிரிக்கெட்டின் மிகப் பெரிய இன்னிங்ஸ்களில் ஒன்றை நீங்கள் எந்த இணையத்தில் தேடினாலும் பார்க்க முடியாது.

ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், இறுதி ஆட்டம். அப்போது ஒருநாள் ஆட்டம் என்றால் 60 ஓவர். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நான்கு பக்கமிருந்தும் புயல். இந்தியா 183 ரன்னில் சுருண்டது. அதில் அதிகம் எடுத்தவர் சென்னைக்காரர் ஸ்ரீகாந்த், 38 ரன். ராபர்ட்ஸின் பந்தை ஒரு முழங்காலை ஊன்றியபடி அவர் பவுண்டரிக்கு விளாசிய படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்று இரண்டு அணிகளிலும் அவர் ஸ்கோரை யாரும் தாண்டவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைசி விக்கெட்டுக்கு கிர்மானியும் பல்விந்தர் சந்துவும் 22 ரன் சேர்த்தார்கள். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். வித்தியாசம் கடைசியில் 43 ரன்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த 22 எவ்வளவு என்று புரியும்.

வெஸ்ட் இண்டீஸ் 184 எடுக்க வேண்டும். ஓவருக்கு மூன்று ரன்னுக்குச் சற்று மேல் எடுத்தால் போதும்.

சந்து மிதவேகப் பந்துவீச்சாளர். கிரீனிட்ஜுக்கு அவர் போட்ட ஒரு பந்து வெளியே போகிறாற்போல வந்தது. இதை விட்டுவிடலாம் என்று கிரீனிட்ஜ் மட்டையைத் தூக்கிக்கொண்டார். பந்து உள்ளே திரும்பி ஸ்டம்ப்பைத் தட்டியது. உலகின் தலைசிறந்த தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவர், மட்டையைத் தோளுக்கு மேல் வைத்துக்கொண்டே போல்டு. எடுத்தது 1 ரன்.

அடுத்து வந்தார் விவியன் ரிச்சர்ட்ஸ். அவர் ஆட ஆரம்பித்ததும் அரங்கமே 'முடிந்தது கதை' என்று நினைத்தது. 28 பந்துகளில் 33 ரன், அதில் ஏழு பவுண்டரி. இங்கேதான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இலக்கு சின்னது, ஓவர் நிறைய இருக்கிறது. அவசரமே இல்லாத ஆட்டத்தில் அவர் அவசரமாக முடித்துவிட்டுப் போகப் பார்த்தார். எதிரே இருப்பது கத்துக்குட்டி என்ற நினைப்பு ஜாம்பவானுக்குச் செய்யும் கெடுதல் இதுதான். மதன்லால் வீசிய பந்தை அவர் தூக்கி அடித்தார், சரியாகப் படவில்லை. பந்து மிட்விக்கெட்டுக்குப் பின்னால் உயரே போயிற்று. கபில்தேவ் பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஓடினார், தோளுக்கு மேலாக அதைப் பார்த்துக்கொண்டே. ஓடிக்கொண்டே கையை நீட்டிப் பிடித்தார். சுலபமாகத் தெரிகிறதா? உங்கள் தெருவில் யாரையாவது உயர அடிக்கச் சொல்லி, பின்பக்கம் ஓடிப் பிடித்துப் பாருங்கள். பந்து மூக்கில் விழுந்தால் என்னைத் திட்டக்கூடாது.

57-க்கு 3. பிறகு 66-ல் இரண்டு விக்கெட், 76-ல் ஒன்று. கடைசியில் மொஹிந்தர் அமர்நாத், மெதுவாக ஓடிவந்து மெதுவாகப் பந்து போடுகிறவர், 12 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். ஹோல்டிங்கை அவர் வீழ்த்தியபோது ஸ்கோர் 140. மைதானத்துக்குள் ஜனம் பாய்ந்தது.

கபிலின் கோப்பைப் படத்தோடு இந்தக் கதையை முடிப்பதுதான் வழக்கம். நான் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே 1983-ன் கடைசி மாதங்களில் வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவுக்கு வந்தது. ஐந்து ஒருநாள் ஆட்டங்களிலும் அவர்களே வென்றார்கள், 5-0. ஆறு டெஸ்ட்களில் 3-0. பகடையைப் பல முறை உருட்டினால் யார் கை ஓங்கும் என்று காட்டிவிட்டுப் போனார்கள்.

அப்படியானால் லார்ட்ஸில் நடந்தது வெறும் அதிர்ஷ்டமா? நான் அப்படி நினைக்கவில்லை. உலகக் கோப்பைக்கு மூன்று மாதம் முன்பு, மார்ச்சில், கயானாவில் வெஸ்ட் இண்டீஸை அதன் சொந்த மண்ணிலேயே இந்தியா ஒருநாள் ஆட்டத்தில் வென்றிருந்தது. உலகக் கோப்பையில் தன் முதல் ஆட்டத்திலும் அதே அணியை 34 ரன்னில் தோற்கடித்தது. இங்கிலாந்தின் காற்றும் மைதானமும் சந்து, அமர்நாத், மதன்லால், ரோஜர் பின்னி போன்ற மிதவேகக்காரர்களுக்குத் தோதானவை, பந்து ஸ்விங் ஆகும். ஆக, இந்தியா வெஸ்ட் இண்டீஸைவிடப் பலவீனமான அணிதான், ஆனால் 66-க்கு 1 என்கிற அளவுக்குப் பலவீனம் இல்லை. பகடையில் இந்தியாவுக்கு இருந்த முகங்களை ஊர் குறைத்து எண்ணிவிட்டது.

ஒரு சின்னக் குறிப்பு. அதே உலகக் கோப்பையில் ஜிம்பாப்வே தன் முதல் ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவை 13 ரன்னில் வீழ்த்தியது. அப்புறம் ஆடிய ஐந்திலும் தோற்று ஊர் திரும்பியது. பெரும்பாலான கத்துக்குட்டிகளின் கதை இப்படித்தான். ஜெயித்தவர்களின் கதை மட்டும் நம் காதுக்கு வருவதால், தினமும் நடக்கிற சங்கதி என்று தோன்றிவிடுகிறது.

விதி புத்தகத்தில் ஒரு ஓட்டை

கத்துக்குட்டிக்கு முன்னால் இரண்டு வழி. பகடை நல்லபடியாக விழட்டும் என்று காத்திருக்கலாம். இல்லாவிட்டால் பகடையின் முகங்களையே மாற்றப் பார்க்கலாம். இலங்கை 1996-ல் செய்தது இரண்டாவது.

அதற்கு முந்தைய ஐந்து உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இலங்கை வென்றது மொத்தம் நான்கே ஆட்டம். ஒருநாள் ஆட்டத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. முதல் 15 ஓவர்களுக்கு உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே பீல்டர்கள் நிற்கலாம். விதி எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெரும்பாலான அணிகள் தொடக்கத்தில் விக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டு, கடைசிப் பத்து ஓவரில் அடிக்கலாம் என்று ஆடிக்கொண்டிருந்தன. அர்ஜுன ரணதுங்கவின் அணி கணக்கைத் தலைகீழாக்கியது. எல்லைக்கோட்டில் ஆளே இல்லாதபோது அடிக்காமல் வேறு எப்போது அடிப்பது? சனத் ஜயசூரியவும் களுவிதாரணவும் முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்க இறங்கினார்கள்.

டெல்லியில் இந்தியாவோடு நடந்த லீக் ஆட்டத்தில் சச்சின் 137 அடித்தார், இந்தியா 271. அன்றைக்கு அது பெரிய ஸ்கோர். இலங்கை மூன்று ஓவரில் 42. வேகப்பந்து வீச்சாளர் மனோஜ் பிரபாகர் அடி தாங்கமுடியாமல் கடைசியில் சுழற்பந்து போட்டுப் பார்த்தார். 4 ஓவரில் 47 ரன். அதுதான் இந்தியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

தந்திரம் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் இலங்கை கோப்பையைத் தொட்டிருக்காது. கொல்கத்தா அரையிறுதியில் இந்தத் தொடக்க ஜோடி முதல் ஓவரிலேயே வெளியேறியது. மார்ச் 17 லாகூர் இறுதி ஆட்டத்தில் மறுபடியும் இருவரும் சீக்கிரமே போய்விட, 23-க்கு 2. இரண்டு முறையும் அணியைத் தூக்கி நிறுத்தியவர் அரவிந்த டி சில்வா. இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் 3 விக்கெட், 2 கேட்ச், பிறகு ஆட்டமிழக்காமல் 107. கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன் அன்று 10 ஓவரில் 31 ரன் மட்டுமே கொடுத்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மெல்போர்னில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஒருவர் திரும்பத் திரும்ப நோ-பால் கொடுத்திருந்தார். அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத்தான் இப்போது ஆடினார். ஆஸ்திரேலியா 241, இலங்கை 46.2 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 245.

ஆபத்தைத் தேடிப் போவது

பலசாலிக்கு நிதானம் நல்லது. கத்துக்குட்டிக்குச் சில சமயம் துணிச்சலே லாபம். ஏன் என்பதற்கு ரக்பியில் ஒரு உதாரணம் உண்டு.

2015 உலகக் கோப்பை, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம், செப்டம்பர் 19. தென்னாப்பிரிக்கா அதுவரை இரண்டு முறை உலகச் சாம்பியன். ஜப்பான் அதுவரை உலகக் கோப்பையில் வென்றது ஒரே ஒரு ஆட்டம், 1991-ல் ஜிம்பாப்வேக்கு எதிராக. நேரம் முடியப்போகிறது, ஜப்பான் 29, தென்னாப்பிரிக்கா 32. ஜப்பானுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளி, ஆட்டம் டிரா. டிரா ஆனாலே ஜப்பானில் கொண்டாடியிருப்பார்கள். பயிற்சியாளர் எடி ஜோன்ஸும் உதைக்கத்தான் விரும்பினார். கேப்டன் மைக்கேல் லீச் வேண்டாம் என்றார். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினால் 5 புள்ளி, தவறினால் தோல்வி. இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பந்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கைமாறிப் போய், மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த கார்ன் ஹெஸ்கெத் மூலையில் பாய்ந்து ஊன்றினார். 34-32.

தவறியிருந்தால் லீச்சை ஊரே ஏசியிருக்கும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: இப்படி ஒரு வாய்ப்பு ஜப்பானுக்கு மறுபடி எப்போது வரும்?

துணிச்சலுக்கு நேர் எதிராக, ஒதுங்கி நின்றே ஜெயித்த ஒருவரும் இருக்கிறார். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி, கத்தி பொருத்திய காலணியோடு பனித்தளத்தில் சறுக்கி ஓடும் ஸ்கேட்டிங் வீரர். ஒரு முறை இன்னொருவரின் காலணிக் கத்தி தொடையைக் கிழித்து 111 தையல். இன்னொரு முறை கழுத்தெலும்பு முறிந்தது. 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் 1000 மீட்டர் இறுதிப் போட்டியில் ஐந்து பேர். மற்ற நால்வரும் தன்னைவிட வேகம் என்று அவருக்குத் தெரியும். முண்டியடிக்காமல் பின்னால் வருவோம், முன்னால் இருப்பவர்கள் மோதிக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். கடைசி வளைவில் நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பிராட்பரி நிதானமாகக் கோட்டைக் கடந்து இரண்டு கைகளையும் தூக்கினார், முகத்தில் 'நானா?' என்கிற திகைப்பு. குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் முதல் தங்கம் அது. அதிர்ஷ்டமா என்றால் ஆமாம். ஆனால் அதிர்ஷ்டம் வரும் இடம் எது என்று பார்த்து அங்கே போய் நின்றிருந்தார்.

38 முறை உருட்டினால்

இப்போது நம் பகடைக்குத் திரும்புவோம். 1, 2 விழுந்தால்தான் உங்களுக்கு. 38 முறை உருட்டுங்கள். 23 முறை உங்களுக்குச் சாதகமாக விழுமா? இந்த விளையாட்டை ஆயிரம் தடவை ஆடினாலும் ஒரு தடவைகூட அப்படி அமைவது சந்தேகம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் ஒவ்வொரு அணிக்கும் 38 ஆட்டம். 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி அதில் 23 வென்றது, 12 டிரா, 3 மட்டுமே தோல்வி. 81 புள்ளியோடு சாம்பியன். பருவம் தொடங்கும்போது பந்தயக்காரர்கள் போட்ட கணக்கு 5000-க்கு 1. முந்தைய பருவத்தில் பல மாதம் பட்டியலின் கடைசியில் கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று தப்பிப் பிழைத்த அணி.

ஒரு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் அடிக்கலாம், ஒன்பது மாதம் அடிக்குமா? அடிக்காது. அப்படியானால் அந்த அணி உண்மையிலேயே நல்ல அணி, அதை யாரும் பார்க்கவில்லை. முன்னணி ஆட்டக்காரர் ஜேமி வார்டி, சில ஆண்டுகளுக்கு முன்வரை தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே கீழ்மட்ட லீகில் ஆடியவர். அந்தப் பருவத்தில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டு சாதனை படைத்தார். ரியாத் மஹ்ரெஸ் பிரான்சின் இரண்டாம் நிலை லீகிலிருந்து மிகக் குறைந்த விலைக்கு வந்தவர். நடுக்களத்தில் எங்கோலோ கான்டே, எங்கே பந்து இருந்தாலும் அங்கே இருப்பார். இந்த மூவருக்கும் அப்போது ஊர் வைத்திருந்த விலை ரொம்பக் குறைவு.

ஆட்டமுறையும் எளிமை. பந்தை எதிரணியிடமே விட்டுவிட்டுப் பின்னால் நெருக்கமாக நிற்பது, பறித்ததும் வார்டியின் ஓட்டத்துக்கு முன்னால் நீளமாக அனுப்புவது. அவரைத் துரத்திப் பிடிக்க ஆள் இல்லை. பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி இத்தாலிக்காரர். ஒரு கோல்கூட விடாமல் ஒரு ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாகச் சொன்னார். முடித்ததும் எல்லோரையும் கடைக்குக் கூட்டிப்போய், மாவை நீங்களே தட்டிச் செய்து சாப்பிடுங்கள் என்றார். அதோடு அந்த ஆண்டு பெரிய அணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தடுமாறின. நடப்புச் சாம்பியன் செல்சி 10-வது இடத்தில் முடித்தது. அடுத்த பருவம் லெஸ்டர் 12-வது இடம். ரனியேரி அதற்கு முன்பே வேலையை இழந்துவிட்டார்.

ஊர் தப்பாக எடை போட்ட கதை நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் அடிலெய்ட் டெஸ்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டது. கேப்டன் கோலி குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்பினார். ஒவ்வொருவராகக் காயம்பட்டு, பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் நான்காவது டெஸ்ட் தொடங்கியபோது முன்னணிப் பந்துவீச்சாளர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. பந்து வீச இருந்தவர்கள் சிராஜ், சைனி, ஷர்துல், நடராஜன், வாஷிங்டன் சுந்தர். ஐவரும் சேர்ந்து அதுவரை டெஸ்டில் எடுத்திருந்தது 11 விக்கெட். எதிரே ஆஸ்திரேலியாவின் நேதன் லயன் ஒருவரே 396 விக்கெட்டோடு தன் நூறாவது டெஸ்டை ஆட வந்திருந்தார். காபாவில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு அதுவரை தோற்றதே இல்லை.

ஐந்து நாள் ஆட்டம். பகடைக் கணக்குப்படி கத்துக்குட்டிக்கு இடமே இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வலைப்பயிற்சியில் பந்து போட மட்டும் அழைத்துச் செல்லப்பட்ட நடராஜன் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். மூன்று ஆண்டுகளாக முதல்தர ஆட்டமே ஆடாத சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தரும் 3 விக்கெட், கூடவே 62 ரன். 186-க்கு 6 என்று கிடந்த இடத்திலிருந்து அவரும் ஷர்துலும் சேர்ந்து 123 ரன் சேர்த்தார்கள். கடைசி நாள் புஜாரா தலை, தோள், விலா, விரல் என்று திரும்பத் திரும்பப் பந்தை வாங்கிக்கொண்டு 211 பந்து நின்றார். மறுமுனையில் கில் 91 அடித்தார், அப்புறம் ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89. டிராவுக்கு ஆடினால் போதும் என்றிருந்த ஆட்டத்தில் 328 ரன் இலக்கை எட்டினார்கள், 3 விக்கெட் மீதம், 2-1 என்று தொடரும் கைக்கு வந்தது.

பரிசளிப்பு முடிந்து அணி படத்துக்கு நின்றது. கேப்டன் ரஹானே கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து நேராக நடராஜன் கையில் கொடுத்தார்.